அமெரிக்க மேற்கின் பெண்களை ஓராள் நாடகமாக மேடையேற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் வாழ்ந்த பெண்களின் வரலாற்றை ஒருவர் மட்டுமே நடிக்கும் நாடகமாக நிகழ்த்த விரும்புவோரும், அத்தகைய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு அதில் எது உண்மை, எது கற்பனை என்று அறிய விரும்புவோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. நாடகம் எழுதுவோரை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்கள் அமைந்துள்ளன.

எல்லைப்புறப் பெண்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே வெள்ளையர் குடியேற்றம் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே போன விளிம்பைத்தான் அமெரிக்கர்கள் எல்லைப்புறம் என்றார்கள். 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, இனி அப்படியொரு கோட்டை வரைய இயலாது என்று கணக்கெடுப்புத் துறையே அறிவித்துவிட்டது. மேடைக்கு வரும் கதைகளில் பெரும்பாலானவை 1836க்கும் முதல் உலகப் போருக்கும் இடைப்பட்டவை. 1836இல் நார்சிசா விட்மன், எலைசா ஸ்பால்டிங் என்ற இரு மதப்பணியாளர்களின் மனைவியர் வயோமிங்கின் சவுத் பாஸ் கணவாய் வழியாக ராக்கி மலைத்தொடரைக் கடந்தார்கள். பெண்களும் அந்த வழியில் போகலாம் என்ற நம்பிக்கை கிழக்கே அதன் பிறகே பரவியது.

குடியேறிய வெள்ளைப் பெண்களோடு பட்டியல் முடிந்துவிடக் கூடாது. டென்னசியில் அடிமையாகப் பிறந்து, மோன்டானாவின் காஸ்கேட் ஊரில் 1895 முதல் தபால் வண்டி ஓட்டிய மேரி ஃபீல்ட்ஸும், சீனாவில் விற்கப்பட்டு 1872இல் ஐடஹோவின் வாரன் சுரங்க ஊருக்கு வந்துசேர்ந்த பாலி பீமிஸும் இந்த வரலாற்றின் பகுதிதான். வடக்குப் பையூட் என்ற பூர்வகுடி இனத்தின் சாரா வின்னமக்காவுக்கோ, எல்லைப்புறம் என்பது பிறர் தம் நிலத்துக்குள் நுழைந்த நிகழ்வு.

இந்த வரலாற்றுக்கு ஓராள் நாடகம் ஏன் பொருந்துகிறது?

முதல் காரணம் செலவு. ஒரு நடிகை, ஒரு பெட்டி, ஒரு கார் என்ற அளவில் முடிந்துவிடும் நிகழ்ச்சியை ஊர் நூலகமும் சிறு அருங்காட்சியகமும் பள்ளியும் ஏற்பாடு செய்ய முடியும். பத்துப் பேர் கொண்ட குழுவை அழைக்க அவற்றுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது காரணம் ஆவணங்களின் தன்மையில் இருக்கிறது. இந்தப் பெண்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நாட்குறிப்பும் கடிதமும் நினைவுக் குறிப்பும்தான். அவை ஒருவரின் குரலில் உள்ளவை. ஐந்து பேர் பேசும் உரையாடலாக அவற்றை மாற்றப் புகுந்தால், கணவரும் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் பேசிய பேச்சு முழுவதையும் நாமே இட்டுக்கட்ட வேண்டிவரும். ஒருத்தியை மட்டும் மேடையில் நிறுத்தினால் அந்தக் கற்பனைக்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. அதோடு, இடைமறித்துப் பேச வேறு யாரும் இல்லாததால், அவள் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பதையும் பார்வையாளர் கவனிக்கத் தொடங்குகிறார். இந்தப் பெண்கள் எழுதியவற்றில் முக்கியமானவை பலவும் எழுதாமல் விடப்பட்டவை என்பதால், இந்த வடிவத்தின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஷட்டாக்வா என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஓர் ஏரியின் பெயர் அது. 1874இல் ஜான் ஹெய்ல் வின்சென்ட், லூயிஸ் மில்லர் ஆகிய இருவரும் அதன் கரையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கினார்கள். அது சொற்பொழிவும் இசையும் சேர்ந்த பெரிய முகாமாக வளர்ந்தது. 1904 முதல் வணிகக் குழுக்கள் அதே பெயரில் கூடாரங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றன. வானொலி, பேசும்படம், பொருளாதாரப் பெருமந்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து 1930களில் அந்த வழக்கத்தை ஓயச் செய்தன.

1970களில், வரலாறு, இலக்கியம் முதலியவற்றை மக்களிடம் கொண்டுசெல்லும் அமைப்பான வடக்கு டகோட்டாவின் ஹியூமானிட்டீஸ் கவுன்சில் கூடாரத்தை மீண்டும் விரித்தபோது, வரலாற்று மனிதர் ஒருவராகவே வந்து பேசும் முறை வேரூன்றியது. நெவாடா, கொலராடோ முதலிய மாநிலங்களும் அதை எடுத்துக்கொண்டன. அதன் அமைப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் நிகழ்த்துபவர் பாத்திரமாகவே பேசுவார். பிறகு பாத்திரமாக இருந்தபடியே பார்வையாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். இறுதியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வாழ்க்கையைப் படித்து ஆராய்ந்தவராக நின்று பேசுவார். மூன்றாம் பகுதி இல்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. அதை விடக் கூடாது என்பதே என் பரிந்துரை. முதல் இரு பகுதிகளில் பாத்திரம் சொன்ன பொய்யையும், பாத்திரத்துக்கே தெரியாமல் இருந்த உண்மையையும் வெளியே வைக்க வேறு இடம் கிடையாது.

புகழ்பெற்ற பெண்ணை எடுத்துக்கொள்வதா, பெயர் தெரியாதவரையா?

அரங்கு நிரம்ப வேண்டும் என்றால் புகழ்பெற்ற பெயர் உதவும். ஆனால் பார்வையாளர் அந்தப் பெயரோடு ஒரு துப்பாக்கியையும் குதிரையையும் மனத்தில் சுமந்தே வருகிறார், அவற்றை இறக்கி வைக்கவே நாடகத்தின் பாதி நேரம் போய்விடும். நாட்குறிப்பு மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போன பெண்ணிடம் அந்தத் தொல்லை இல்லை. முதல் முயற்சிக்கு அவரே ஏற்றவர்.

ஒரு நாட்குறிப்பை எப்படி நாடகமாக்குவது? ஓர் எடுத்துக்காட்டுத் தர முடியுமா?

அமீலியா ஸ்டூவர்ட் நைட் 1853 ஏப்ரல் 9 அன்று அயோவாவின் மன்றோ மாவட்டத்திலிருந்து கணவர் ஜோயலுடனும் ஏழு பிள்ளைகளுடனும் ஆரிகனுக்குப் புறப்பட்டார். செப்டம்பர் நடுப்பகுதி வரை அநேகமாக நாள்தோறும் எழுதினார். மழை பெய்ததா, ஆறு எவ்வளவு ஆழம், மாடுகளுக்குப் புல் கிடைத்ததா, அடுப்புக்கு விறகு இருந்ததா, இன்று எத்தனை மைல் வந்தோம்: குறிப்பின் பெரும்பகுதி இவைதான். முதல் தடவை படிக்கும்போது இதில் நாடகமே இல்லையே என்றுதான் தோன்றும். இடையிடையே, தமக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி வரும், காரணம் இருக்காது. குறிப்பு முடியும் தறுவாயில், வழியோரத்தில் எட்டாவது குழந்தை பிறந்த செய்தி வருகிறது. அந்தப் பயணம் முழுவதையும் அவர் கர்ப்பிணியாகவே கடந்தார் என்பது படிப்பவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

இதை மேடையேற்றுபவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு இதுதான்: உடலுக்கு முதல் நிமிடத்திலிருந்தே தெரிந்திருக்க வேண்டும், வாய் அதைச் சொல்லக் கூடாது. தரையிலிருந்து எழும்போது கையை எங்கே ஊன்றுகிறாள், தண்ணீர் வாளியை எந்தப் பக்கம் தூக்குகிறாள், அடுப்புப் புகை வந்ததும் முகத்தை ஏன் திருப்புகிறாள் என்பவற்றில் அது இருக்க வேண்டும். ஏப்ரலில் அவள் நடப்பதற்கும் ஆகஸ்டில் நடப்பதற்கும் வேறுபாடு இருக்க வேண்டும். அதைப் பயணக் களைப்பு என்றே பார்வையாளர் எடுத்துக்கொள்ளட்டும். முதல் காட்சியிலேயே வயிற்றைத் தடவினால் நாடகம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, லூசி. ஆகஸ்ட் மாதக் குறிப்பொன்றில், லூசி என்ற மகளைத் தெரியாமலே விட்டுவிட்டு வண்டிகள் சில மைல் போய்விடுகின்றன. ஒவ்வொருவரும் அவள் இன்னொரு வண்டியில் இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். அவளோ ஆற்றங்கரைச் சரிவின் கீழே உட்கார்ந்து, வேறு வண்டிகள் ஆற்றைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னால் வந்த வேறொரு கூட்டத்தார்தான் அவளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். நைட் இதைச் சில வரிகளில் எழுதிவிட்டு அன்றைய பயணத்துக்குத் திரும்பிவிடுகிறார். இந்த இடத்தில் கதறி அழும் காட்சியை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். ஏழு பிள்ளைகளையும் பெயர் சொல்லி எண்ணும் பழக்கம் ஒன்றை நாடகத்தின் தொடக்கத்திலேயே அவளுக்குக் கொடுத்துவிட்டு, இந்த நாளுக்குப் பிறகு அவள் எண்ணும் வேகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

முடிவையும் அவரே தந்திருக்கிறார். கைக்குழந்தையோடு கொலம்பியா ஆற்றைச் சிறு படகிலும் ஓடத்திலும் தட்டைப் படகிலுமாகக் கடக்க மூன்று நாள் ஆயிற்று. பிறகு கணவர் இரண்டு ஜோடி எருதுகளைக் கொடுத்து நிலம் வாங்கினார். அதில் அரை ஏக்கர் உருளைக்கிழங்கும் ஜன்னல் இல்லாத ஒரு சிறு மரக்குடிசையும் இருந்தன. அதற்கு மேல் இந்த நாடகத்துக்கு ஒரு சொல்கூடத் தேவையில்லை.

ஆவணத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா?

செய்கைகளைச் சேர்க்கலாம், நிகழ்ச்சிகளைச் சேர்க்கக் கூடாது. மாவு பிசைவதும், சாக்கைத் தைப்பதும், அடுப்பெரிக்கக் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை ஏப்ரன் என்ற முன்துணியில் பொறுக்குவதும் அந்த வழியில் போன பெண்கள் எல்லோரும் செய்தவை. அவற்றை உங்கள் பாத்திரமும் செய்ததாகக் காட்டுவதில் பிழை இல்லை. நடக்காத மரணத்தையோ இல்லாத காதலையோ செருகினால், மூன்றாம் பகுதியில் யாராவது கேட்கும்போது தலைகுனிய வேண்டியிருக்கும். எழுத்துப் பிரதியில் ஆவணத்தின் சொற்களை ஒரு மையிலும் உங்கள் சொற்களை வேறொரு மையிலும் எழுதி வைப்பது நல்ல வழக்கம். நாடகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஒரு புரட்டலில் தெரிந்துவிடும்.

கலாமிட்டி ஜேனின் கடிதங்களை அடிப்படையாகக் கொள்ளலாமா?

கூடாது. மேற்கின் சாகசப் பெண்ணாகப் பெயர்பெற்ற அவரின் இயற்பெயர் மார்த்தா ஜேன் கேனரி, 1903இல் தெற்கு டகோட்டாவில் இறந்தார். 1941இல் ஒரு பெண், தாம் ஜேனுக்கும் புகழ்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்டு பில் ஹிக்காக்குக்கும் பிறந்த மகள் என்று கூறி, தாய் தமக்கு எழுதியதாகச் சில கடிதங்களை வெளியே கொண்டுவந்தார். உருக்கமான கடிதங்கள், மேடையில் படித்தால் அரங்கமே கண்கலங்கும். ஆனால் ஜேனுக்கு எழுதத் தெரியும் என்பதற்கே நம்பகமான சான்று இல்லை, அவருடையது என்று உறுதிப்பட்ட கையெழுத்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் அந்தக் கடிதங்களைப் போலி என்றே கருதுகிறார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகும் அவற்றை அவர் குரலாக நிகழ்த்துவோர் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

1896இல் அவர் பெயரில் வெளிவந்த தன்வரலாற்றுச் சிறுநூல் வேறு வகை. அது அவருடைய காட்சி நிகழ்ச்சிகளை ஒட்டி விற்கப்பட்டது. அதில் அவர் ராணுவச் சாரணராக இருந்ததாகவும், குண்டடிபட்ட கேப்டன் ஒருவரைக் குதிரையில் தூக்கிக்கொண்டு காப்பாற்றியதாகவும் உள்ளவற்றுக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் அந்தப் பொய்கள் அவர் காலத்துப் பொய்கள், அவர் அவற்றை விற்றுப் பிழைத்தார். காசு கொடுத்தவர் கேட்க விரும்பியதைச் சொல்லும் ஒரு நடுவயதுப் பெண், சொல்லிக்கொண்டிருக்கும்போதே களைத்துப்போவதாக ஒரு நாடகம் எழுதினால், ஒவ்வொரு சாகசத்தையும் நடிகை இரண்டு அடுக்காக நடிக்க முடியும். ஜேன் வாழ்ந்த டெட்வுட் ஊர் 1876இல் எழுந்தபோது, 1868ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அது லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலம் என்பதையும் அந்த நாடகத்தில் எங்காவது சொல்ல வேண்டும். சாகசக் கதைகள் எல்லாவற்றிலும் முதலில் விடுபட்டுப்போவது அதுதான்.

பாலி பீமிஸைச் சீட்டாட்டத்தில் ஒருவர் வென்றார் என்ற கதைக்கும் இதே நிலைதான். ஆய்வாளர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். மேரி ஃபீல்ட்ஸின் அடிதடிக் கதைகளை எடுத்துக்கொள்பவர்களும் முதலில் அக்காலச் செய்தித்தாள்களைப் பார்ப்பது நல்லது.

நிலச் சட்டத்தை எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்?

நன்றாகவே தெரிந்துகொள்ள வேண்டும். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம், 21 வயது நிரம்பியவருக்கோ குடும்பத் தலைவருக்கோ 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்துக்குத் தந்தது. ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து பயிரிட வேண்டும். மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் மணவிலக்குப் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். கணவரோடு வாழும் பெண் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. இதற்கு மாறாக, 1850ஆம் ஆண்டின் ஆரிகன் நிலக்கொடைச் சட்டம் மணமான தம்பதிக்குத் தந்த நிலத்தில் பாதியை மனைவியின் பெயரிலேயே தந்தது. அதனால் அங்கே அவசரக் கல்யாணங்களும், சிறுமிகளைக் கட்டிக்கொடுப்பதும் நடந்தன.

இந்த விவரம் எப்படி நாடகமாகிறது என்பதற்கு எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட்டைப் பார்க்கலாம். சிறு மகளோடு டென்வரில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த அவர், 1909இல் வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க் பகுதிக்குப் போய் நிலத்துக்கு விண்ணப்பித்தார். தம் பழைய எஜமானி அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இதழில் வெளிவந்து, 1914இல் நூலாயின. ஒரு பெண் தன் உழைப்பால் தனக்கென நிலம் தேடிக்கொள்ளலாம் என்பதே அவற்றின் உற்சாகம். நிலப் பதிவுகளோ வேறு கதை சொல்கின்றன. விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள் அவர் பக்கத்து நிலக்காரரான க்ளைட் ஸ்டூவர்ட்டை மணந்துகொண்டார். கடிதங்களில் அந்தச் செய்தி நெடுநாள் கழித்துத்தான் வருகிறது. பிறகு அந்த நிலத்தின் மீதான உரிமையை அவர் விட்டுக்கொடுக்க, மாமியார் பெயரில் விண்ணப்பம் போடப்பட்டது.

இதை வைத்து அவரைப் பொய்க்காரி என்று காட்டுவது மலிவான நாடகம். கடிதத்தில் எழுதியதை மேடையில் சொல்லிக்கொண்டே, மேசையில் கிடக்கும் விண்ணப்பத் தாளை அவர் பார்க்காமல் இருப்பதுதான் எழுதத் தக்கது. கடிதத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. நாட்குறிப்பு எழுதுபவள் யாரிடம் பேசுகிறாள் என்ற கேள்விக்கு நடிகை விடை தேடியாக வேண்டும். கடிதம் எழுதுபவளுக்கு அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். முன்பு யாருடைய வீட்டில் துணி துவைத்தாளோ அவரிடமே பேசுகிறாள் என்பது ஒவ்வொரு வாக்கியத்தின் தொனியையும் மாற்றிவிடும்.

பூர்வகுடிப் பெண்களின் வாழ்க்கையை வேறு இனத்தவர் நிகழ்த்தலாமா?

அவர்களாக வேடமிட்டு நடிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இதற்கு சாரா வின்னமக்காவின் வாழ்க்கையே போதிய காரணம் தருகிறது. ஏறத்தாழ 1844இல் இன்றைய நெவாடாவில் பிறந்த அவர், 1864இலேயே தந்தையோடு வர்ஜீனியா சிட்டியிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் மேடை ஏறியவர். 1878இல் பானக் என்ற பூர்வகுடி இனத்தாரோடு நடந்த போரில் அமெரிக்க ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அதன் பின் அவர் மக்கள் கடுங்குளிரில் மலைகளைத் தாண்டி பூர்வகுடியினருக்கென அரசு ஒதுக்கிய யாக்கமா ஒதுக்கிடத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அந்த அநீதியைச் சொல்வதற்காகவே 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். 1883இல் நூல் எழுதி வெளியிட்டு, கிழக்கு மாநிலங்களில் நூற்றுக்கணக்கான மேடைகளில் ஒற்றை ஆளாகப் பேசினார்.

அந்த மேடைகளில் அவர் இளவரசி என்று விளம்பரம் செய்யப்பட்டார். பையூட் பெண்களின் வழக்கமான உடையை விட்டுவிட்டு, பார்வையாளர் எதிர்பார்த்த தோல் உடையையும் கிரீடத்தையும் அணிந்தார். ஒதுக்கிட அதிகாரிகள் உணவையும் துணியையும் சுரண்டியதைப் பற்றிப் பேச, அந்த வேடம் அவருக்கு நுழைவுச்சீட்டாயிற்று. அவர் விரும்பிப் போடாத வேடத்தை இன்னொரு இனத்தவர் இன்று எடுத்து மாட்டிக்கொள்வது சரியாக வராது. அவருடைய நூலிலிருந்து ஒரு பகுதியை, உங்கள் சொந்த உடையில், இது அவர் எழுதியது என்று சொல்லிப் படித்துக் காட்டலாம். முழு நாடகம் வேண்டும் என்றால் பையூட் கலைஞர்களை அழைப்பதே முறை.

உடை விஷயத்தில் அடிக்கடி நேரும் தவறுகள் எவை?

வண்டிப் பாதைக்குப் பட்டும் வளையம் வைத்த பாவாடையும் பொருந்தா. பருத்தி அல்லது கம்பளி கலந்த சாதாரண கவுன், ஏப்ரன், கனத்த காலணி போதும். ஜிப், செயற்கை இழை, நகப்பூச்சு, கைக்கடிகாரம் ஆகியவை இருக்கக் கூடாது. காற்றில் பாவாடை தூக்காமல் இருக்க விளிம்புக்குள் ஈயக்குண்டு வைத்துத் தைத்த பெண்கள் உண்டு. ஒத்திகையிலிருந்தே அப்படிக் கனம் வைத்துத் தைத்துக்கொண்டால் நடை தானாகவே மாறிவிடும்.

பெரிய சிக்கல் சன்பானட் என்ற வெயில் தொப்பிதான். அட்டைச் சட்டங்களைச் செருகிய அதன் விளிம்பு முகத்துக்கு முன்னால் நீண்டு நிற்கும். நேர் எதிரே இருப்பவருக்கு முகம் ஒரு குழாயின் மறுமுனையில் தெரியும், பக்கவாட்டில் இருப்பவருக்குக் கண்ணே தெரியாது. மேடை விளக்கு மேலிருந்து விழுந்தால் நெற்றி முதல் மோவாய் வரை நிழல். அணிந்திருப்பவருக்கும் தன் குரலே எதிரொலித்து, அரங்கின் சலசலப்பு காதில் விழாது. அதற்காக அதை அடியோடு விட்டுவிட வேண்டாம். அணிந்தபடி நுழைந்து, முதல் இரண்டு நிமிடம் பார்வையாளரை முகம் தேட வைத்துவிட்டு, பிறகு நாடாவை அவிழ்க்காமலே முதுகில் சரிய விடலாம். வெயில், தூசி, அந்நியர் என்ற சொல் வரும்போதெல்லாம் கை தானாகப் பின்னால் போய் அதை இழுத்துப் போட்டுக்கொள்ளும்.

ஈவ்லின் கேமரூனைப் போன்ற ஒருவரை எடுத்துக்கொண்டால் உடையே கதையாகிவிடும். இங்கிலாந்தில் பிறந்து மோன்டானாவில் பண்ணை நடத்திய அந்தப் புகைப்படக் கலைஞர், கால்சட்டை போல் இரண்டாகப் பிரிந்த பாவாடையுடன் ஆண்களைப் போல் குதிரையேறி மைல்ஸ் சிட்டிக்குப் போனபோது கைது செய்யப்படலாம் என்று எச்சரிக்கப்பட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார்.

மேடையில் என்னென்ன பொருட்கள் தேவை?

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு முக்காலி, வேலை செய்வதற்கு ஏதாவது ஒன்று. உண்மையிலேயே மாவு பிசைந்துகொண்டு பேசும் நடிகைக்குக் கடிகாரமே தேவைப்படாது, மாவு திரண்டு மிருதுவாவதற்குள் அந்தக் காட்சி முடிந்திருக்க வேண்டும். வயோமிங்கின் இண்டிபெண்டன்ஸ் பாறையை ஒட்டிய உப்புக் குட்டைகளிலிருந்து சோடாவை வாரி எடுத்து ரொட்டி மாவில் கலந்தார்கள் என்ற செய்தியைச் சொல்லவும் அதைவிட நல்ல இடம் இல்லை. துப்பாக்கி வேண்டாம். பள்ளிகள் பொம்மைத் துப்பாக்கியைக்கூட அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், அது மேடைக்கு வந்த பிறகு பார்வையாளர் வேறெதையும் கேட்பதில்லை.

பாத்திரம் பேசும் இனவெறிச் சொற்களை என்ன செய்வது?

வயது வந்தோர் அரங்கில், அந்தப் பெண்ணின் அச்சமும் வெறுப்பும் தெரியும் அளவுக்கு ஒன்றிரண்டு இடங்களில் வைத்துவிட்டு, மூன்றாம் பகுதியில் அதைப் பற்றிப் பேச வேண்டும். அவளை இன்றைய மனசாட்சியோடு படைப்பது வரலாற்றைக் கழுவிக் கொடுப்பதாகும். நாட்குறிப்புகளிலேயே முரண்களும் கிடைக்கின்றன: பூர்வகுடியினரைக் கண்டு நடுங்கியதாக எழுதிய கையே, மறுவாரம் அவர்களிடம் சால்மன் மீன் வாங்கியதையும், ஆற்றைக் கடக்க அவர்களின் உதவியைப் பெற்றதையும் எழுதுகிறது. அந்த இரண்டு குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்தால் விளக்கம் தேவைப்படாது. பள்ளிகளில் வசைச்சொற்களை நீக்கிவிட்டு, அச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பாத்திரமாக இருந்தபடி கேள்விகளுக்குப் பதில் சொல்வது எப்படி?

நாடகம் நடக்கும் நாளை உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். 1853 செப்டம்பரில் நிற்கும் அமீலியாவுக்கு உள்நாட்டுப் போரும் தெரியாது, வயோமிங் 1869இல் பெண்களுக்கு வாக்குரிமை தரப்போவதும் தெரியாது. கேட்டால், அப்படியும் நடக்குமா என்று வியக்கலாம். நடக்காது என்று சிரிக்கலாம். மாதவிலக்கு, பிரசவம், மறைவிடம் பற்றிய கேள்விகள் தவறாமல் வரும். பாத்திரம் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றட்டும், ஏனென்றால் அவள் தன் நாட்குறிப்பிலேயே அதைத்தான் செய்தாள். பெண்கள் பாவாடைகளை விரித்துப் பிடித்து ஒருவருக்கொருவர் மறைப்பாக நின்றது போன்ற விவரங்களை மூன்றாம் பகுதியில் நீங்களாக நின்று சொல்லுங்கள்.

அமெரிக்க வரலாறு அறியாத தமிழ்ப் பார்வையாளர்களுக்கு நிகழ்த்த முடியுமா?

முடியும். வரைபடம் ஒன்றைப் பின்திரையில் வைத்து, மிசௌரியிலிருந்து ஆரிகன் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், நான்கு முதல் ஆறு மாத நடை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நடிகை தமிழ்ப் பெண்ணாக இருப்பது தடையல்ல. வெள்ளைக்காரச் சாயல் பூசிக்கொள்ளவும் வேண்டாம், ஆங்கிலம் கலந்த செயற்கையான உச்சரிப்பும் வேண்டாம். நம் ஊர்ப் பழமொழிகளை அமீலியாவின் வாயில் வைப்பது கைதட்டல் வாங்கும், ஆனால் அவளை அயோவாவிலிருந்து பெயர்த்தெடுத்துவிடும்.

பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

1929க்கு முன் அமெரிக்காவில் வெளியான நூல்கள் அங்கே பொதுவுடைமை. எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் கடந்துவிட்ட, அச்சேறாத நாட்குறிப்புகளுக்கும் அமெரிக்கச் சட்டப்படி பொதுவாகத் தடையில்லை. ஆனால் பிற்காலப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவை அவருக்கு உரியவை. ஆவணக் காப்பகத்தின் படங்களைத் திரையிடுவதற்கும் அதன் நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரத்தின் வழித்தோன்றல்கள் அரங்கில் இருந்தால்?

சிற்றூர்களில் இது நடக்கும். கொள்ளுப்பாட்டி இப்படிச் சொன்னதாக எங்கள் வீட்டில் சொல்வார்கள் என்று ஒருவர் எழுந்து நிற்பார். அது உங்கள் பிரதிக்கு நேர் எதிராகவும் இருக்கலாம். மேடையிலேயே மறுக்க வேண்டாம், அன்றிரவே பிரதியைத் திருத்தவும் வேண்டாம். கடிதமோ, புகைப்படமோ, குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிய பிறப்பு இறப்புத் தேதிகளோ வீட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால், அடுத்த நிகழ்ச்சிக்கு முன் அவற்றைப் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால், குடும்பத்தார் இப்படியும் சொல்கிறார்கள் என்று மூன்றாம் பகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.